எழுத்து கோடாகிறது, பெட்டி உடைகிறது, பாதித் திரை கறுப்பு: டெக்ஸ்ட் கன்சோல் கோளாறுகள்

#1 கரும்பலகை

வணக்கம். டெபியன் 12, கெர்னல் 6.1. டெஸ்க்டாப் எதுவும் போடாத லேப்டாப். மூடி வைத்தே ஓடுகிறது, ஹெச்டிஎம்ஐ-யில் வெளி மானிட்டர். வேலை முழுக்க டிடிஒய்1 என்ற முதல் டெக்ஸ்ட் திரையில்தான். திரை நான்கு விதமாகக் கெடுகிறது:

1. சுருக்கி வைத்த லாக் கோப்பைத் தவறுதலாக கேட் போட்டுக் காட்டினால், அதற்குப் பிறகு சின்ன எழுத்தெல்லாம் கோடும் மூலையுமாக வருகிறது. பெரிய எழுத்து சரியாகவே இருக்கிறது. சில கோப்புக்கு இப்படி ஆகிறது, சிலதுக்கு ஆவதில்லை.

2. டயலாக் பெட்டி போடும் புரோகிராம்களில் ஓரக்கோட்டுக்குப் பதில் தொப்பி போட்ட ஏ. வலது ஓரம் வரிக்கு வரி நகர்ந்து நிற்கிறது.

3. எழுத்து திரையின் இடது மேல் பகுதியில் மட்டும்தான் வருகிறது. வலப்பக்கமும் கீழேயும் கறுப்பு.

4. தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகள் எல்லாம் கீற்று போட்ட ஏ-யும் வட்டத்துக்குள் ஆர்-உமாகத் தெரிகின்றன.

ரீசெட் அடித்தால் முதலாவது மட்டும் போகிறது. எல்லாம் ஒரே காரணமா?

#2 எண்பது_நிரல்

ஒரே காரணம் இல்லை. 2-க்கும் 4-க்கும் இப்போதைக்கு ஒரே வேர் இருக்கலாம். 1 தனி, 3 தனி.

(கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்து.)

ஒரு எழுத்து திரைக்கு வருவதற்குள் ஐந்து இடத்தைக் கடக்கிறது. புரோகிராம் பைட்டை அனுப்புகிறது. டிடிஒய் அமைப்பு அதில் வரி முடிவு போன்றவற்றை மாற்றுகிறது. கெர்னலின் விடி (மெய்நிகர் டெர்மினல்) பகுதி, எஸ்கேப் வரிசைகளை (எஸ்கேப் பைட்டில் தொடங்கும் கட்டுப்பாட்டுக் குறிகள்) படித்து எந்தக் கட்டத்தில் எந்த உரு என்று தீர்மானிக்கிறது. ஃபான்ட் அந்த உருவுக்கு வடிவம் தருகிறது. கடைசியில் எஃப்பிகான் (எழுத்தைப் புள்ளிகளாக வரையும் கெர்னல் பகுதி), டிரைவர், மானிட்டர். எந்த இடத்தில் கெட்டது என்று தெரியாமல் ரீசெட், ரீபூட் என்று போனால் சில சமயம் சரியாகும், ஏன் என்று கடைசிவரை தெரியாது.

பிரித்தறிய இரண்டு சோதனை போதும்.

முதலாவது: ஆல்ட்+எஃப்2 தட்டி வேறு டிடிஒய்க்குப் போங்கள். அங்கே சரியாக இருந்தால் கோளாறு அந்த ஒரு டிடிஒய்யின் நிலையில் இருக்கிறது. எல்லா டிடிஒய்யிலும் அதே என்றால் ஃபான்ட் அமைப்பு, பொது அமைப்பு அல்லது டிரைவர்.

இரண்டாவது: கெர்னல் தன் திரை நினைவகத்தை ஒரு கோப்பாகவே தருகிறது. வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே வந்து

சூடோ ஃபோல்ட் -டபிள்யூ 170 /டெவ்/விசிஎஸ்1

என்று அடியுங்கள். 170 என்ற இடத்தில் உங்கள் கன்சோலின் நிரல் எண்ணிக்கை வரவேண்டும். அந்தக் கோப்பில் வரி முடிவே கிடையாது, அதனால்தான் ஃபோல்ட். இங்கே வாசகம் ஒழுங்காக வந்து திரையில் மட்டும் குப்பையாகத் தெரிந்தால், கோளாறு ஃபான்டிலோ அதற்குக் கீழேயோ. இங்கேயே குப்பை என்றால் அனுப்பிய பைட்டையும் விடி நிலையையும் பார்க்க வேண்டும்.

டிடிஒய்1-இல் நின்று "எஸ்டிடிஒய் சைஸ்" அடித்தால் என்ன வருகிறது என்று சொல்லுங்கள். 3-க்கு அது முக்கியம்.

#3 பிட்மேப்

1-க்கு நான் சொல்றேன். அது பைட் எண் 14 பண்ற வேலை. பழைய டெர்மினல் மரபுல 14 வந்தா "இரண்டாவது எழுத்துத் தொகுதிக்கு மாறு", 15 வந்தா "முதலாவதுக்குத் திரும்பு". லினக்ஸ் கன்சோல்ல இரண்டாவது தொகுதி கோடு வரையும் தொகுதி. அதுல ஆங்கிலச் சின்ன க்யூ படுக்கைக் கோடு, சின்ன எக்ஸ் நெட்டுக் கோடு, சின்ன எல் இடது மேல் மூலை. பெரிய எழுத்துக்கு அங்க மாற்று கிடையாது, அதனாலதான் அது மட்டும் பிழைச்சுக்குது. கன்சோல் யுடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்தைப் பல பைட்டா எழுதுற முறை) நிலைல இருந்தாலும் 14 வேலை செய்யும், அதை நம்பி இருந்துடாதீங்க.

சில கோப்புக்கு மட்டும் ஏன்? சுருக்கிய கோப்புல எல்லா பைட்டும் கிட்டத்தட்ட சம அளவுல வரும், 256-க்கு ஒண்ணு 14, இன்னொண்ணு 15. சில ஆயிரம் பைட் இருந்தாலே இரண்டும் பல தடவை வந்துடும். கடைசியா எது வந்துச்சோ அந்த நிலைல கன்சோல் நிக்கும்.

சரி பண்ண ரீசெட் வேண்டியதில்லை, அது திரையையே துடைச்சுடும். எக்கோ, ஒரு இடைவெளி, பிறகு கன்ட்ரோல்+வி, கன்ட்ரோல்+ஓ, என்டர். இது பைட் 15-ஐ மட்டும் அனுப்பும். தட்டும்போது திரைல கோடா தெரியும், பரவாயில்லை, ஷெல்லுக்குச் சரியான எழுத்துதான் போகுது.

இதுல ஒண்ணு கவனிங்க. ஏற்கனவே கோடா விழுந்த வரிகள் அப்படியேதான் இருக்கும், அடுத்த எழுத்துல இருந்துதான் சரியாகும். ஃபான்ட் கெட்டிருந்தா நேர்மாறு: செட்ஃபான்ட் அடிச்ச நொடியிலேயே திரைல இருக்கிற பழைய வரி உட்பட எல்லாம் மாறும். பழசு மாறுதா, மாறலையான்னு பார்த்தாலே எந்த இடத்துல கோளாறுன்னு பாதி தெரிஞ்சுடும்.

இனிமே அந்த லாகுக்கு இசட்லெஸ் போடுங்க. என்ன கோப்புன்னே தெரியலைன்னா கேட் -வி.

#4 கன்ட்ரோல்_ஜே

பிட்மேப் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பைனரியைக் கொட்டியதால் கெடுவது ஒன்று, புரோகிராம் பாதியில் செத்ததால் கெடுவது இன்னொன்று. இரண்டாவதில் எழுத்து சரியாக இருக்கும், நடத்தை மாறும்:

வரிகள் படிக்கட்டு மாதிரி வலப்பக்கமாக இறங்கினால், வரி முடிவோடு சேர்த்து இடது ஓரத்துக்குத் திரும்பும் அமைப்பு அணைந்திருக்கிறது. தட்டுவது தெரியவே இல்லை, ஆனால் கட்டளை ஓடுகிறது என்றால் எக்கோ அணைந்திருக்கிறது. கடவுச்சொல் கேட்டுக்கொண்டிருந்த புரோகிராமை நிறுத்தினால் இது அடிக்கடி ஆகும். என்டர் தட்டினால் கூரைக்குறியும் பெரிய எம்-உம் வந்து நின்றால், என்டரை வரி முடிவாக மாற்றும் அமைப்பு போய்விட்டது.

மூன்றுக்கும் மருந்து "எஸ்டிடிஒய் சேன்". மூன்றாவது நிலையில் என்டரே வேலை செய்யாது, அதனால் கன்ட்ரோல்+ஜே, பிறகு எஸ்டிடிஒய் சேன், மறுபடி கன்ட்ரோல்+ஜே. முதல் கன்ட்ரோல்+ஜே, வரியில் ஏற்கனவே கிடக்கும் எச்சத்தைத் தள்ளிவிடும்.

திரை உறைந்து நின்றால் இதில் எதையும் செய்வதற்கு முன் ஒரு முறை கன்ட்ரோல்+க்யூ. கன்ட்ரோல்+எஸ் தெரியாமல் பட்டிருக்கலாம்.

#5 எண்பது_நிரல்

ரீசெட் என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. டிடிஒய் அமைப்பைச் சீராக்கும். பிறகு டெர்ம் மாறி சொல்லும் டெர்மினலுக்கான தொடக்க வரிசையை அனுப்பும். "லினக்ஸ்" டெர்மினலுக்கு அந்த வரிசையில் விடி நிலையை மீட்பதும் வண்ணத் தட்டை மீட்பதும் இருக்கின்றன. ஃபான்டை அது தொடுவதே இல்லை. அதனால் "ரீசெட் அடித்தும் போகவில்லை" என்பது ஒரு தோல்வி அல்ல, ஒரு தகவல்: கோளாறு ஃபான்டிலோ அதற்குக் கீழேயோ, அல்லது புரோகிராம் மறுபடி மறுபடி தப்பான பைட்டையே அனுப்புகிறது.

ஃபான்டை மீட்க, வெறும் "செட்ஃபான்ட்" இயல்பு ஃபான்டை ஏற்றும். டெபியனில் "செட்அப்கான்" உங்கள் அமைப்புக் கோப்பில் உள்ளதை ஏற்றும். "ஷோகன்சோல்ஃபான்ட்" அடித்தால் இப்போது ஏறியிருக்கும் எல்லா உருவும் அட்டவணையாக வரும். அதில் ஒரு கட்டம் சிதைந்திருந்தாலும் கண்ணில் பட்டுவிடும்.

பழைய விஜிஏ டெக்ஸ்ட் முறையில் ஓடும் கணினிகளில் ஃபான்ட் வீடியோ அட்டையின் நினைவகத்தில், இரண்டாம் தளத்தில் இருக்கும். கிராஃபிக்ஸ் போய் டெக்ஸ்டுக்குத் திரும்பும்போது அந்த இடம் மேலெழுதப்பட்டால், வரிகள் சரியான இடத்தில், சரியான நீளத்தில் இருந்தும் ஒவ்வொரு எழுத்தும் புள்ளிக் குவியலாகத் தெரியும். ஒரே எழுத்து வரும் இடமெல்லாம் ஒரே குவியல் வந்தால் ஃபான்ட் போனது உறுதி. இடத்துக்கு இடம் வேறு குவியல் என்றால் நினைவகம் அல்லது டிரைவர்.

#6 கரும்பலகை

நன்றி. எக்கோ, கன்ட்ரோல்+வி, கன்ட்ரோல்+ஓ வேலை செய்கிறது.

எஸ்டிடிஒய் சைஸ்: 48 170.
எக்கோ $டெர்ம்: லினக்ஸ்.
லாங் மாறி: யுடிஎஃப்-8 லொக்கேல்தான்.
2-க்கு விசிஎஸ்1-ஐப் பார்த்தேன். அங்கேயும் ஓரக்கோடு கிடையாது, வேறு பைட்டுகள்தான். எல்லா டிடிஒய்யிலும் அதே.

#7 எண்பது_நிரல்

48 170 போதும், 3-க்குப் பதில் அதிலேயே இருக்கிறது. இயல்பு ஃபான்ட் 8 பிக்சல் அகலம், 16 பிக்சல் உயரம். 1920-ஐ 8-ஆல் வகுத்தால் 240. 1080-ஐ 16-ஆல் வகுத்தால் 67, மிச்சம் 8 பிக்சல். ஆக, முழு ஹெச்டி மானிட்டரில் 67 240 வரவேண்டும். உங்களுக்கு வந்த 170 × 8 = 1360, 48 × 16 = 768. இது 1366 × 768 திரை. அதாவது மூடி வைத்திருக்கும் லேப்டாப்பின் சொந்தத் திரை.

மூடியை மூடினாலும் அந்தத் திரை கெர்னலுக்கு "இணைந்தே" இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட திரை இருந்தால் கன்சோல் எல்லாவற்றிலும் முழுதாகத் தெரியவேண்டும் என்பதற்காக, இருப்பதில் சின்ன அகல உயரத்தையே கன்சோலுக்கு எடுத்துக்கொள்ளும். பெரிய மானிட்டர் தன் முழு ரெசல்யூஷனில்தான் ஓடுகிறது, எழுத்து மட்டும் இடது மேல் மூலையில்.

எந்த இணைப்பு என்று பார்க்க: /சிஸ்/கிளாஸ்/டிஆர்எம் அடைவில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு அடைவு, உள்ளே ஸ்டேட்டஸ் கோப்பு. பெயரில் உள்ள "கார்டு0-" போன்ற முன்னொட்டை விட்டு மீதியை எடுங்கள். லேப்டாப் திரை பெரும்பாலும் இடிபி-1 அல்லது எல்விடிஎஸ்-1.

நிரந்தரமாக எழுதுவதற்கு முன் ஒரு தடவை சோதியுங்கள். கிரப் (பூட் லோடர்) மெனுவில் ஆங்கில "இ" விசை, "லினக்ஸ்" என்று தொடங்கும் வரியின் கடைசியில்

வீடியோ=இடிபி-1:டி

சேர்த்து கன்ட்ரோல்+எக்ஸ். பெரிய எழுத்து, சின்ன எழுத்து அந்த அடைவில் இருப்பது போலவே இருக்க வேண்டும் (முதல் எழுத்து சின்னது, அடுத்த இரண்டும் பெரியது). கடைசி "டி" சின்னது, "அணை" என்று பொருள். சரியாக வந்தால் /இடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் சேர்த்து அப்டேட்-கிரப். அணைத்தபின் அந்தத் திரை எதற்குமே வராது. மானிட்டரைக் கழற்றிவிட்டு லேப்டாப் திரையிலேயே வேலை செய்ய நேர்ந்தால் கிரப்பில் அதை நீக்கித்தான் பூட் செய்ய வேண்டும்.

#8 நடுவரி

இவ்வளவு எதற்கு? நோமோட்செட் போட்டால் திரைக் கோளாறு எல்லாம் போய்விடுமே.

#9 எண்பது_நிரல்

நோமோட்செட் கோளாறைச் சரிசெய்வதில்லை, டிரைவரையே வரவிடாமல் தடுக்கிறது. அதன்பின் ஃபர்ம்வேர் விட்டுப்போன ரெசல்யூஷனிலேயே கடைசிவரை இருக்க வேண்டும். இரண்டாவது மானிட்டர், வெளிச்சக் கட்டுப்பாடு எதுவும் கிடைக்காது, ஸ்க்ரோல் மெதுவாகும். ஆனால் சோதனைக் கருவியாக அது மிக நல்லது: நோமோட்செட்டில் போய்விடுகிற கோளாறு டிரைவர் சார்ந்தது, போகாதது டிரைவருக்கு மேலே. ஒரே ஒரு பூட்டுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துவிடுங்கள். இந்த இழையில் சொன்ன 1, 2, 4 மூன்றும் நோமோட்செட்டிலும் அப்படியே இருக்கும்.

#10 பிட்மேப்

இப்ப 2. ஓரக்கோட்டுக்கு யுடிஎஃப்-8-ல மூணு பைட்: 226, 148, 128. கன்சோல் யுடிஎஃப்-8 நிலைல இருந்தா மூணும் சேர்ந்து ஒரு கட்டம். இல்லைன்னா ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தா எடுத்துக்கும். லத்தீன்-1 அட்டவணைல 226 தொப்பி போட்ட ஏ. ஒரு கட்டத்துல முடிய வேண்டியது கூடுதல் கட்டத்தைப் பிடிக்குது, அதான் வலது ஓரம் தள்ளிப் போகுது.

உங்க 4-ம் இதுவேதான். தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும் மூணு பைட், முதல் பைட் எப்பவும் 224, இரண்டாவது 174 அல்லது 175. லத்தீன்-1-ல 224 கீற்று போட்ட ஏ, 174 வட்டத்துக்குள் ஆர். தமிழ் எங்க உடைஞ்சாலும் இந்த ஜோடி திரும்பத் திரும்ப வர்றதுக்கு அதுதான் காரணம்.

புரோகிராம் யுடிஎஃப்-8 அனுப்புது, கன்சோல் 8-பிட் நிலைல நிக்குது. நேரடியா சோதிக்க:

பிரின்ட்எஃப் '\342\224\200\012'

அந்த மூணு பைட்டும் எண்மத்துல. ஒரே ஒரு சின்னப் படுக்கைக் கோடு வரணும். தொப்பி ஏ வந்தா, எஸ்கேப் பைட்டோட விழுக்காடு குறியும் பெரிய ஜி-யும் அனுப்பி கன்சோலை யுடிஎஃப்-8-க்கு மாத்துங்க:

பிரின்ட்எஃப் '\033%%ஜி'

பிரின்ட்எஃப்-க்கு விழுக்காடு குறி தனி அர்த்தம், அதனால இரண்டு தடவை. மறுபடி சோதனை. இப்ப கோடு வந்தா, டெபியன்ல /இடிசி/டிஃபால்ட்/கன்சோல்-செட்அப் திறந்து சார்மேப் வரியைப் பாருங்க. அங்க யுடிஎஃப்-8 தவிர வேற ஏதாவது இருந்தா மாத்திட்டு செட்அப்கான்.

எதிர்த்திசைலயும் பொருத்தம் கெடும்: கன்சோல் யுடிஎஃப்-8, ஆனா லாங் மாறி வெறும் "சி". எஸ்எஸ்ஹெச் வழியா இன்னொரு கணினிக்குப் போனா இது நிறைய நடக்கும், நம்ம லொக்கேல் பெயர் அங்க போகும், அங்க அந்த லொக்கேல் உருவாக்கியே இருக்காது. "லொக்கேல் -ஏ" பட்டியல்ல இருக்கிற ஒண்ணைத்தான் வைக்கணும். டெபியன்ல "சி.யுடிஎஃப்-8" தனியா உருவாக்காமலே இருக்கும்.

ஓரக்கோடு இருக்கவேண்டிய இடத்துல க்யூ க்யூ க்யூ, எக்ஸ் எக்ஸ்னு வெறும் எழுத்தா வந்தா அது வேற கோளாறு. புரோகிராம் தொகுதி மாத்தச் சொல்லுது, டெர்மினல் கேக்கலை. அங்க முதல்ல டெர்ம் மாறியைப் பாருங்க. கன்சோல்ல நேரா இருந்தா "லினக்ஸ்", டிமக்ஸ் (ஒரே டெர்மினல்ல பல திரை வைக்கிற புரோகிராம்) உள்ள இருந்தா "டிமக்ஸ்" அல்லது "ஸ்க்ரீன்" என்று தொடங்குற பெயர். பாஷ்ஆர்சி-ல யாராவது நிலையா எக்ஸ்டெர்ம்னு எழுதி வச்சிருந்தா அதை எடுங்க. அது இருந்தா ஹோம், எண்ட் விசைகூட உளறும்.

#11 கரும்பலகை

கண்டுபிடித்தாயிற்று. சார்மேப் வரியில் ஐஎஸ்ஓ-8859-1 இருந்தது. மாற்றி செட்அப்கான் அடித்தேன், பெட்டி ஓரம் நேராக வருகிறது. வீடியோ=இடிபி-1:டி போட்டபின் எஸ்டிடிஒய் சைஸ் 67 240 சொல்கிறது, முழுத் திரையும் வருகிறது.

தமிழ்ப் பெயர்கள் இப்போது வேறு மாதிரி: எழுத்துக்கு ஒன்றாக வைரக் கட்டம். தமிழ் ஃபான்ட் ஏற்றினால் வந்துவிடுமா?

#12 வெள்ளைக்கட்டம்

இது முன்னேற்றம்தான். யுடிஎஃப்-8 சரியாகப் பிரிக்கப்படுகிறது, அந்தக் குறியீட்டுக்கு ஃபான்டில் உரு இல்லை என்று கன்சோல் சொல்கிறது. ஆனால் தமிழ் ஃபான்ட் ஏற்றினால் தீராது, ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

கன்சோல் ஃபான்டில் அதிகபட்சம் 512 உரு. யூனிகோடில் தமிழ்ப் பகுதி 128 இடம்தான், ஆக எண்ணிக்கை தடையில்லை. தடை வேறு. கெர்னலின் பொருத்தப் பட்டியல் "ஒரு குறியீடு, ஒரு உரு" என்று மட்டுமே அறியும். "கெ" என்பது யூனிகோடில் க, அதன்பின் ஒற்றைக்கொம்பு. எழுதும்போது கொம்பு இடப்பக்கம் போகவேண்டும். கன்சோல் வந்த வரிசையிலேயே க-வை ஒரு கட்டத்திலும் கொம்பை அடுத்த கட்டத்திலும் போடும். "கொ" என்றால் க-வுக்கு முன்னும் பின்னும் குறி வரவேண்டும், ஒரு கட்டத்துக்கு ஒரு உரு என்ற கணக்கில் அதற்கு இடமே இல்லை. "கு", "டு", "மு" ஒவ்வொன்றும் தனித்தனி வடிவம். க-வோடு உகரக் குறியை ஒட்டினால் "கு" ஆகாது. இந்த வேலையைச் செய்யும் வடிவமைப்பு இயந்திரம் கெர்னலில் கிடையாது. போதாததற்கு 8 பிக்சல் அகலத்தில் "ணை", "ஔ" போன்றவை படிக்கும்படி நிற்காது.

#13 நடுவரி

எஃப்பிடெர்ம், கேஎம்எஸ்கான் என்று கெர்னலுக்கு வெளியே ஓடும் கன்சோல்கள் இருக்கின்றனவே?

#14 வெள்ளைக்கட்டம்

இருக்கின்றன. 512 என்ற எல்லை அவற்றுக்கு இல்லை, சாதாரண ஃபான்டுகளைப் பயன்படுத்தும். சீனம், ஜப்பானியம் போல ஒரு குறியீட்டுக்கு ஒரு உரு உள்ள எழுத்துகளுக்கு அவை நல்ல தீர்வு. ஆனால் அவையும் கட்டக் கணக்கில்தான் வரைகின்றன. எழுத்து தெரியும், கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். கோப்பை அடையாளம் காண உதவும், வாசிக்க உதவாது. தமிழைச் சரியாகப் படிக்க வேண்டுமென்றால் வடிவமைப்பு இயந்திரம் உள்ள கிராஃபிக்ஸ் டெர்மினலிலிருந்து எஸ்எஸ்ஹெச்-இல் வருவதுதான் வழி.

கன்சோலிலேயே அந்தக் கோப்புகளைக் கையாள: "எல்சி_ஆல்=சி எல்எஸ் -பி" அடித்தால் பெயர் எண்மக் குறியீடாக வரும். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் \340\256 அல்லது \340\257 என்று தொடங்கும். பெயரைத் தட்டாமலே மாற்ற, "எல்எஸ் -ஐ" தரும் ஐநோட் எண்ணை எடுத்து, ஃபைண்ட் கட்டளையில் -ஐநம் கொடுத்து, -எக்செக் வழியாக எம்வி. டேப் விசை நிரப்பலும் வேலை செய்யும். கட்டமாகத் தெரிந்தாலும் உள்ளே பைட் சரியாகவே இருக்கிறது.

#15 உள்ளங்கை

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். நீளமான கட்டளை தட்டும்போது அடுத்த வரிக்குப் போகாமல் அதே வரியின் மேலேயே எழுதுகிறது. மேல் அம்பு தட்டினால் பழைய கட்டளையின் எச்சம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. விடியிலும் அப்படித்தான், எஸ்எஸ்ஹெச்-இலும் அப்படித்தான்.

#16 பிட்மேப்

இரண்டு இடத்துலயும் அதேன்னா கன்சோல் கோளாறு இல்லை, பிஎஸ்1 (கட்டளை வரிக்கு முன்னால வர்ற ப்ராம்ப்டோட அமைப்பு). வண்ணம் மாத்துற வரிசை திரைல இடம் பிடிக்காது, ஆனா பாஷுக்கு அது தெரியாது. பச்சைக்கு மாத்துற \033[32எம் ஐந்து பைட், இயல்புக்குத் திரும்புற \033[0எம் நாலு பைட். ஆக 9 நிரல் கூடுதலா எண்ணிக்குது, வரி எங்க மடங்கணும்ங்கிற கணக்கு தப்புது. ஒவ்வொரு வண்ண வரிசைக்கும் முன்னால \[ பின்னால \] போடுங்க.

அதுக்கப்புறமும் வந்தா எஸ்டிடிஒய் சைஸ் பாருங்க. சீரியல் கன்சோல்ல அது 0 0 காட்டும், சீரியல் கம்பி திரை அளவைச் சொல்லாது. "எஸ்டிடிஒய் ரோஸ் 50 கால்ஸ் 132"ன்னு கையால கொடுக்கணும், அல்லது எக்ஸ்டெர்மோட வர்ற "ரீசைஸ்" கட்டளை.

#17 கன்ட்ரோல்_ஜே

விஐஎம், எச்டாப் ஓடும்போது நடுவே கெர்னல் செய்தி வந்து விழுந்து திரையைக் கிழிப்பதையும் பலர் டிரைவர் கோளாறு என்று நினைக்கிறார்கள். கன்ட்ரோல்+எல் தட்டினால் புரோகிராம் மறுபடி வரையும், அப்போது போய்விட்டால் இதுதான். "டிமெஸ்ஜ் -என் 4" வைத்தால் பிழை நிலையும் அதைவிடத் தீவிரமானதும் (0 முதல் 3 வரை) மட்டும் திரைக்கு வரும். நிரந்தரமாக்க சிஸ்சிடிஎல் அமைப்பில் கெர்னல்.பிரின்ட்கே = 4 4 1 7. செய்தி தொலைவதில்லை, டிமெஸ்ஜில் முழுதாக இருக்கும். நான்குக்குக் கீழே இறக்காதீர்கள், வட்டு போகும்போது வரும் பிழை வரிகள் திரைக்கு வராமல் போகலாம்.

ஷிப்ட்+பேஜ்அப் வேலை செய்யவில்லை என்பதும் கோளாறு அல்ல. கன்சோலின் மென்பொருள் ஸ்க்ரோல் பகுதியை 2020-இல் 5.9 கெர்னலில் எடுத்துவிட்டார்கள். டிமக்ஸ் அல்லது லெஸ் வழியாகத்தான் பின்னால் போகமுடியும்.

#18 உள்ளங்கை

\[ \] போட்டதும் சரியாகிவிட்டது. இன்னொன்று: லேப்டாப் திரையில் தட்டிய எழுத்து உடனே வருவதில்லை, அடுத்த விசை தட்டினால் இரண்டும் சேர்ந்து வருகிறது. சில நேரம் படுக்கையாக ஒரு பட்டை மினுங்குகிறது. விசிஎஸ் கோப்பில் எழுத்து உடனே இருக்கிறது. டிரைவர் ஐ915.

#19 எண்பது_நிரல்

விசிஎஸ்-இல் இருந்து திரைக்கு வரவில்லை என்பதே பாதி பதில். படம் மாறாதபோது லேப்டாப் திரை தன் சொந்த நினைவகத்திலிருந்தே படத்தைக் காட்டிக்கொண்டு, இணைப்பைத் தூங்கவிடும் மின்சிக்கன முறை ஒன்று உண்டு. பிஎஸ்ஆர் என்பார்கள். "இப்போது மாறியது" என்ற தகவல் தவறினாலோ தாமதித்தாலோ நீங்கள் சொன்னது நடக்கும். அசைவே இல்லாத டெக்ஸ்ட் கன்சோலில் இது எளிதாக வெளியே தெரிகிறது. எந்நேரமும் ஏதாவது அசையும் டெஸ்க்டாப்பில் மறைந்துவிடும்.

சோதனை: கிரப்பில் ஒரு பூட்டுக்கு ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0. போய்விட்டால் அதை நிரந்தரமாக வையுங்கள், பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். ஏஎம்டிஜிபியு டிரைவரில் அதே வேலையைச் செய்வது ஏஎம்டிஜிபியு.டிசிடீபக்மாஸ்க்=0எக்ஸ்10. போகவில்லை என்றால் இந்த அமைப்பை எடுத்துவிட்டு, மூடிக் கீலருகே கேபிளைப் பாருங்கள்: மூடியை மெதுவாக அசைக்கும்போது பட்டை மாறினால் அது மென்பொருள் அல்ல.

#20 கரும்பலகை

கடைசியாக ஒன்று. இப்போது 240 நிரலில் எழுத்து மிகச் சிறியது. கன்சோல்-செட்அப் கோப்பில் டெர்மினஸ் 16×32 வைத்தேன். பூட் ஆகும்போது பெரிதாக வருகிறது, இரண்டு நொடியில் திரை ஒரு முறை கறுத்து மறுபடி சின்ன எழுத்து. உள்ளே வந்து செட்அப்கான் அடித்தால் பெரிதாகி அப்படியே நிற்கிறது.

#21 எண்பது_நிரல்

திரை ஒரு முறை கறுப்பது டிரைவர் மாறும் நேரம். முதலில் ஃபர்ம்வேர் தந்த ஃப்ரேம்பஃபரில் (திரைப் புள்ளிகளுக்கான நினைவகம்) கன்சோல் ஓடுகிறது, ஃபான்ட் அதில் ஏறுகிறது. பிறகு உண்மையான டிரைவர் வந்து புது ஃப்ரேம்பஃபர் வைக்கிறது, கன்சோல் அதற்கு இயல்பு ஃபான்டோடு மாறுகிறது. உங்கள் அமைப்பு தப்பில்லை, வரிசைதான் தப்பு.

டிரைவரை முன்னதாக ஏற்றுங்கள். /இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/மாட்யூல்ஸ் கோப்பில் டிரைவர் பெயரைத் தனி வரியாக எழுதி, "அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ". பழைய கெர்னல் ஒன்றை கிரப் மெனுவில் விட்டுவையுங்கள், பெயரில் பிழை வந்தால் திரும்ப வழி வேண்டும்.

பூட் ஆனபின் டிமெஸ்ஜில் "கன்சோல்: ஸ்விட்சிங் டு கலர் ஃப்ரேம் பஃபர் டிவைஸ்" என்ற வரியைத் தேடுங்கள். அதில் 240×67 தான் இருக்கும், டிரைவர் வரும்போது இயல்பு ஃபான்ட் என்பதால். ஃபான்ட் அதற்குப் பின் ஏறியிருந்தால் எஸ்டிடிஒய் சைஸ் 33 120 சொல்லும்.

#22 கரும்பலகை

33 120. மூன்று முறை பூட் செய்து பார்த்தேன், நிற்கிறது.